மேஜை மேல் ஒரு சமுத்திரம்

கதை எழுதுகிறவனுக்குத் தரையில் நடக்கும் யுத்தம் அவ்வளவு கஷ்டமில்லை. கோட்டை நின்ற இடத்தில் நிற்கும், மலை நகராது, ஆறு தன் வழியே போய்க்கொண்டிருக்கும். கடற்போர் அப்படியல்ல. அங்கே நிலையாக நிற்பது எதுவுமே இல்லை. ஒரு தொடர்கதையில் இரண்டு கப்பற்படைகளை மோதவிட்டுவிட்டு, நாலாவது பக்கத்தில் எந்தக் கப்பல் எதற்கு இடப்புறம் நிற்கிறது என்று தெரியாமல் நான் விழித்ததுண்டு. எழுதியதைத் திரும்பப் படித்தால், எதிரியின் கப்பல் ஒன்று காற்றை நேராக எதிர்த்து ஓடி வந்து கதாநாயகனைத் தாக்கியிருந்தது. பாய்க்கப்பலால் ஒருபோதும் ஆகாத காரியம் அது.

அன்று எனக்குக் கைகொடுத்தவை, தாயம் ஆடுவதற்காக வீட்டில் வைத்திருந்த புளியங்கொட்டைகள். ஒரு பக்கம் உரைத்து வெள்ளையாக்கியவற்றை ஒரு படையாகவும், உரைக்காதவற்றை மற்றொரு படையாகவும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக அடுக்கினேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதற்கு ஒரு விளக்குமாற்றுக் குச்சி. அரை மணி நேரத்தில் என் யுத்தம் எனக்கே புரிந்துவிட்டது. பெரிய யுக்தி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கொஞ்சம் கர்வம்கூட உண்டாயிற்று. அந்தக் கர்வம் நீடிக்கவில்லை. இதே காரியத்தை இருநூறு வருஷங்களுக்கு முன்பே ஸ்காட்லாந்தில் ஒருவர் செய்து, அதனால் பெரும் புகழும் அதைவிடப் பெரிய வழக்கும் சம்பாதித்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் பெயர் ஜான் கிளார்க். கிளார்க் என்பது குடும்பப் பெயரே தவிர உத்தியோகம் அல்ல. எடின்பரோ நகருக்கு அருகே எல்டின் என்ற இடத்தில் வாழ்ந்தவர். 1728-ல் பிறந்து 1812-ல் மறைந்தவர். வியாபாரம் செய்து பொருள் சேர்த்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் பங்கு வைத்திருந்தார். செப்புத் தகட்டில் படம் செதுக்குவதில் கெட்டிக்காரர். பூமியின் வயதைப் பற்றிப் புரட்சிகரமாகச் சிந்தித்த ஜேம்ஸ் ஹட்டனுக்கு நண்பர். அவருக்காகப் பாறை அடுக்குகளைப் படம் வரைந்து கொடுத்தவர். இத்தனையும் தெரிந்த அந்த மனிதருக்குத் தெரியாத ஒரே விஷயம் கடல். ஸ்காட்லாந்தின் கரையை ஒட்டிய தீவுக்குப் படகேறிப் போனதற்கு மேல் அவர் சமுத்திரத்தை அறிந்ததில்லை.

ஆனால் கப்பல் என்றால் அவருக்குச் சிறு வயது முதலே பைத்தியம். யுத்தச் செய்தி வரும் பத்திரிகைகளையெல்லாம் வரி விடாமல் படிப்பார். சிறு சிறு மாதிரிக் கப்பல்கள் பலவற்றை வைத்துக்கொண்டு, நடந்து முடிந்த போர்களை மேஜை மேல் மறுபடி நடத்துவார். அந்தக் கப்பல்களை வேண்டிய இடத்தில் வைத்து, வேண்டியபடி நகர்த்தி, நிதானமாகப் பார்த்து ஆலோசிக்கலாம். ஆகவே தகராறு என்ற பேச்சுக்கே இடமிராது என்று தம் நூலின் முகவுரையில் சந்தோஷமாக எழுதி வைத்தார். அந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் மனத்தைக் குடைந்த கேள்வி இதுதான். ஆங்கிலேயரின் கப்பல்கள் தனித்தனியே எதிரியைச் சந்திக்கும்போது வெற்றி பெறுகின்றன. பெரிய படையாகத் திரண்டு போனால் மட்டும், நாள் முழுவதும் பீரங்கி முழங்கியும் ஒரு கப்பல்கூடப் பிடிபடுவதில்லை. ஏன்?

அக்காலத்துப் போர்க்கப்பலில் பீரங்கிகளெல்லாம் இரு விலாக்களிலும்தான் இருந்தன. ஆகையால் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட வரிசையில் நின்று, விலாவை எதிரிக்குக் காட்டிச் சுடுவது வழக்கம். வரிசை கலையக் கூடாது என்பது ஆங்கிலக் கடற்படையில் கிட்டத்தட்ட வேதவாக்கு. 1744-ல் தூலோன் நகருக்கு எதிரே நடந்த போரில், மாத்யூஸ் என்ற தளபதி பொறுமையிழந்து வரிசையை விட்டு விலகி எதிரியின் மேல் பாய்ந்தார். பின்னால் வர வேண்டியவர்கள் வரவில்லை. விசாரணை நடந்தது, வேலை போயிற்று. 1756-ல் மினோர்க்காத் தீவுக்கு அருகே பிங் என்ற தளபதி போரிட்டார். முன்னே சென்ற கப்பல் ஒன்று பாய்மரம் முறிந்து தடுமாறி வரிசை குலைந்தபோது, முன்னேறிப் பாயலாம் என்றார் அவருடைய கப்பல் தலைவர். பிங் மாத்யூஸுக்கு நேர்ந்த கதியைச் சுட்டிக்காட்டி மறுத்து, வரிசையைச் சரிசெய்வதிலேயே நேரத்தைச் செலவிட்டார். எதிரி போய்விட்டான். தம்மால் இயன்றதையெல்லாம் செய்யவில்லை என்ற குற்றத்துக்காக, 1757 மார்ச் 14-ம் தேதி ஒரு கப்பலின் மேல்தளத்தில் பிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வரிசையை விட்டவருக்கு வேலை போயிற்று. விடாதவருக்கு உயிர் போயிற்று.

இந்தப் புதிருக்குத்தான் கிளார்க் தம் மேஜையில் விடை தேடினார். காற்று வரும் பக்கத்தில் நின்று ஆங்கிலேயர் எதிரியின் வரிசையை நோக்கி இறங்குவார்கள். இறங்கும்போது அவர்களுடைய மூக்குத்தான் எதிரிக்கு நேராக இருக்கும். விலாப் பீரங்கிகள் பயன்படா. பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சமயம் பார்த்துப் பாய்மரங்களையும் கயிறுகளையும் குறிவைத்துச் சுடுவார்கள். முன்னே வந்த கப்பல்கள் முடமாகும். உடனே பிரெஞ்சு வரிசை காற்றோடு கொஞ்சம் நழுவிப் போய் மறுபடி அணிவகுத்து நிற்கும். இதையே எத்தனை தடவை செய்தாலும் அதே பலன்தான் என்பதை மேஜை காட்டியது. ஒவ்வொரு கப்பலும் தன் ஜோடியைத் தேடிப் போகாமல், மொத்தப் படையும் எதிரியின் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பிரித்து விழுங்க வேண்டும் என்பது கிளார்க்கின் முடிவு. 1782-ன் தொடக்கத்தில் இதை ஒரு சிறு நூலாக்கி 50 பிரதிகள் மட்டும் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார்.

அதே ஆண்டு ஏப்ரல் 12-ம் தேதி, மேற்கிந்தியத் தீவுகளில் டொமினிக்காவுக்கும் குவாதலூப்புக்கும் இடையே ரோட்னியின் ஆங்கிலப் படையும் தெ கிராஸின் பிரெஞ்சுப் படையும் எதிரெதிர்த் திசையில் ஒன்றையொன்று கடந்து சுட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று காற்றுத் திசை மாறிற்று. பிரெஞ்சு வரிசையில் ஆங்காங்கே இடைவெளி விழுந்தது. ரோட்னியின் கப்பல் அதில் ஒன்றின் வழியே புகுந்தது. பின்னால் வந்த மற்றொரு கப்பலோ புகை மண்டலத்தில் வழி தெரியாமல் போய், தான் எதிரியின் வரிசையைப் பிளந்துவிட்டோம் என்பதையே அறியாமல் மறுபுறம் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். மாலைக்குள் பிரெஞ்சுத் தளபதியே அவருடைய மாபெரும் கப்பலோடு சிறைப்பட்டார்.

கிளார்க்கின் நண்பர்கள் சும்மா இருப்பார்களா? 1780-ல் லண்டனுக்குப் போயிருந்தபோது ரோட்னியின் நண்பர் ஒருவருக்குத் தம் யோசனையை விளக்கியதாகவும், அவர் மூலம் அது தளபதிக்குப் போய்ச் சேர்ந்ததாகவும் கிளார்க்கே சொன்னார். ஆனால் ரோட்னிக்குப் பக்கத்தில் அன்று நின்றவர் சார்லஸ் டக்ளஸ் என்ற தளபதி. இடைவெளியை முதலில் கண்டவரும், தயங்கிய ரோட்னியை வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தவரும் அவரே என்பது அவர் குடும்பத்தின் கட்சி. டக்ளஸ் 1789-ல் மறைந்தார், ரோட்னி 1792-ல், கிளார்க் 1812-ல். மூன்று பேரும் மண்ணுக்குள் போன பிறகுதான் வழக்கு உச்சத்தை எட்டியது. 1827-ல் ரோட்னியின் குறிப்புகளோடு கிளார்க்கின் நூல் மறுபடி அச்சாயிற்று. டக்ளஸின் மகன், தாமும் ஒரு ராணுவத் தளபதியானவர், தகப்பனாரின் பெயரைக் காப்பாற்ற 1832-ல் ஒரு புத்தகமே எழுதினார். தகராறுக்கே இடமில்லை என்று எந்த மேஜையைப் பற்றி எழுதப்பட்டதோ, அதைச் சுற்றி அரை நூற்றாண்டுக் காலம் தகராறு நடந்தது. யார் சொல்லியிருந்தாலும் சரி, காற்று மாறியிராவிட்டால் இடைவெளி விழுந்திராது என்பதே இன்று சரித்திர ஆசிரியர்களில் பெரும்பாலோரின் அபிப்பிராயம்.

கிளார்க்கின் மேஜை அவரோடு மடிந்துவிடவில்லை. 1898-ல் ஃபிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் நீராவிப் போர்க்கப்பல்களுக்கு மேஜை விளையாட்டு வகுத்தார். நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் யுத்தத்துக்கு விதிகள் எழுதினார். 1965-ல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் கடற்போர் ஆட்டங்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நெல்சன் காலத்துப் படைகளைச் சின்ன உலோகக் கப்பல்களாகச் சேர்த்து, வர்ணம் பூசி, நூல் கட்டி, வார விடுமுறையில் மோதவிடுகிறவர்கள் அநேகம் பேர்.

வழக்கமான அளவுகளில் ஒன்று, நிஜத்தில் 1200-ல் ஒரு பங்கு. 74 பீரங்கிகள் கொண்ட கப்பலின் உடல் இந்த அளவில் நாலரை சென்டிமீட்டர். சுண்டு விரல் நீளம்கூட இல்லை. அதற்குள் மூன்று பாய்மரம், முன்னே நீட்டிய மூக்குமரம், பாய்கள், தலைமயிர் போன்ற நூலில் கயிற்றேணிகள். நல்ல பார்வையும் நடுங்காத கையும் வேண்டும். ஒரே ஒரு கப்பலுக்குக் கயிறு கட்டப் பல மாலைப் பொழுதுகள் ஓடிவிடும். இன்னும் சிறியவை 2400-ல் ஒரு பங்கு. அவற்றில் கப்பலே இரண்டேகால் சென்டிமீட்டர்தான்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர் முதலில் வாங்குவது எதை என்று சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை. நெல்சனின் விக்டரி. அடுத்தது, நான்கு தளமும் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளுமாக மிதந்த ஸ்பெயின் நாட்டு ராட்சதக் கப்பல் சாந்திசிமா திரினிடாட். ராஜாவும் ராணியும் வாங்கியாயிற்று. சிப்பாய்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஆனால் 1805 அக்டோபர் 21-ல் டிரபால்கர் முனைக்கு அப்பால் நடந்த போரை அப்படியே மேஜையில் வைக்க வேண்டுமானால் கணக்குப் பார்த்தாக வேண்டும். ஆங்கிலேயர் பக்கம் போர் வரிசைக் கப்பல்கள் 27. எதிர்ப்பக்கம் பிரெஞ்சு 18, ஸ்பானியம் 15. ஆக 60. இந்த 60-ல் 74 பீரங்கிக் கப்பல்கள் மட்டும் 38. ஆங்கிலேயரிடம் 100 பீரங்கிக் கப்பல்கள் மூன்றே மூன்று. பிரெஞ்சுப் படையில் மூன்று தளக் கப்பல் ஒன்றுகூட இல்லை.

இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி, மறந்துவிடும். ஒரே மாதிரியான 38 கப்பல்களை வரிசையாக உட்கார்ந்து வர்ணம் பூசியவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். சரித்திரத்தில் பெயர் வாங்கியவை பெரிய கப்பல்கள். சரித்திரத்தை நடத்தியவை இந்தப் பெயர் தெரியாத நடுத்தரக் கப்பல்கள். அதில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அறுநூறு பேர் இருந்தார்கள். பொம்மை சேர்க்கிற பழக்கம் ஒரு மனிதனுக்குக் கற்றுக்கொடுக்கும் நல்ல பாடங்களில் இதையும் சேர்க்கலாம்.

இரண்டாவது பாடம் மேஜையே கற்றுக்கொடுப்பது. வரிசையில் கப்பலுக்குக் கப்பல் சுமார் 185 மீட்டர் தூரம் விடுவது ஒரு வழக்கமான கணக்கு. அதை 1200-ல் ஒரு பங்காக்கினால் 15 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 27 கப்பலுக்கு நாலு மீட்டர்! எந்த வீட்டில் அவ்வளவு பெரிய மேஜை இருக்கிறது? கூடத்துத் தரையில் பரப்பினால்தான் உண்டு. ஆகவே ஆடுகிறவர்கள் சமுத்திரத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறார்கள். காற்றுக்குத் தாயக்கட்டை உருட்டுகிறார்கள். விழுகிற எண்ணைப் பொறுத்துக் காற்று மாறும் அல்லது மாறாது. பாய்க்கப்பல் காற்றின் முகத்துக்கு எவ்வளவு நெருங்கி ஓடலாம் என்பதற்கு அட்டையில் கோணம் வெட்டி வைத்திருக்கிறார்கள். இரு தரப்பும் அடுத்த நகர்த்தலை ரகசியமாகக் காகிதத்தில் எழுதிவிட்டு, ஒரே சமயத்தில் பிரித்துப் பார்த்துக் கப்பல்களை நகர்த்துவதும் உண்டு. எழுதியவர் எதிர்பார்த்த இடத்தில் எதிரி இருக்கமாட்டான். அந்த ஏமாற்றத்தில்தான் ஆட்டத்தின் ருசி.

சின்னக் கப்பல்களைச் சேர்ப்பவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள். அவர்களுக்கு விற்றவர்கள் யார் என்பதுதான் வேதனையான சங்கதி. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகே நார்மன் கிராஸ் என்ற இடத்தில் 1797-ல் ஒரு கைதி முகாம் திறந்தார்கள். போரில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக்காரர்கள் வருஷக் கணக்கில் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். பலர் மாலுமிகள். உணவில் வந்த இறைச்சியைத் தின்ற பின் மிஞ்சிய எலும்பைச் சுத்தம் செய்து, சீவி, செதுக்கிக் கப்பல்கள் செய்தார்கள். அவற்றைச் சந்தையில் விற்றுக் காசு பார்த்தார்கள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. கடலையே அறியாத கனவான் எடின்பரோவில் கப்பல் பொம்மையை வைத்துப் போர்முறை வகுத்தார். கடலைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் சிறையில் எலும்பைச் செதுக்கினார்கள். முகாமில் மாண்ட 1,700-க்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பவே இல்லை.

இந்தக் கதைக்கும் நமக்கும் சம்பந்தம் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சமாசாரம் வைத்திருக்கிறேன். ரோட்னி வரிசையைப் பிளந்த அந்த 1782 ஏப்ரல் 12-ம் தேதியே, பூமியின் இந்தப் பக்கத்தில், திருகோணமலைக்குத் தெற்கே இலங்கையின் கிழக்குக் கரையில், பிராவிடியன் என்று பெயர் கொண்ட பாறைக்கருகே மற்றொரு போர் நடந்தது. இங்கேயும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும்தான். ஆங்கிலப் படைக்கு எட்வர்ட் ஹியூஸ்; கப்பல்கள் 11. பிரெஞ்சுப் படைக்கு சுஃப்ரான், கப்பல்கள் 12.

அந்த சுஃப்ரான் பெருத்த சரீரமும் முன்கோபமும் உள்ள மனிதர், ஆனால் மேதை. கிளார்க் மேஜையில் கண்டதை அவர் கடலிலேயே கண்டிருந்தார். எதிரியின் வரிசை முழுவதோடும் போராடாமல் பின்பகுதியை மட்டும் சூழ்ந்துகொண்டு நசுக்க வேண்டும் என்பதே அவருடைய திட்டமும். 1782 பிப்ரவரி 17-ல் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே முதல் தடவையாக அதை முயன்றார். பெயரிலேயே சதுரங்கம் உள்ள ஊர். ஆனால் அன்று காய்கள் சொன்னபடி நகரவில்லை. அவருடைய கப்பல் தலைவர்களில் பலர் நெருங்கிப் போகாமல் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். பயமோ, பொறாமையோ, சமிக்ஞை புரியவில்லையோ, யார் கண்டார்கள்! ஏப்ரலில் பிராவிடியன், ஜூலை 6-ல் நாகப்பட்டினம், செப்டம்பர் 3-ல் திருகோணமலை, மறு வருஷம் ஜூன் 20-ல் கூடலூர். ஐந்து போர்களிலும் எந்தத் தரப்பும் வரிசைக் கப்பல் ஒன்றைக்கூடப் பிடித்துக்கொண்டு போகவில்லை. கிளார்க்கின் மரக்கப்பல்களுக்குத் தலைவர்கள் இல்லை. அவை சொன்ன பேச்சைக் கேட்டன. சுஃப்ரானுக்கு அந்த பாக்கியம் கிட்டவில்லை.

கடைசிப் போரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கூடலூருக்கு எதிரே ஹியூஸின் 18 கப்பல்களும் சுஃப்ரானின் 15 கப்பல்களும் மோதின. இரு தரப்பிலுமாகச் சுமார் இருநூறு பேர் மாண்டார்கள். ஒன்பது நாட்களுக்குப் பிறகு ஓர் ஆங்கிலக் கப்பல் வெள்ளைக்கொடியோடு வந்து ஒரு செய்தியைச் சொல்லிற்று. ஐரோப்பாவில் ஜனவரி 20-ம் தேதியே சமாதானத்துக்கு முதற்கட்டக் கையெழுத்து ஆகிவிட்டதாம்! ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்த யுத்தத்துக்காக அந்த இருநூறு பேரும் உயிரை விட்டிருந்தார்கள். எந்த மேஜை விதியிலும் தாயத்தின் எந்த எண்ணிலும் இந்தக் கப்பலைக் கொண்டுவர முடியாது.

அண்மையில் ஒரு நாள், பிராவிடியன் போரைப் புரிந்துகொள்ள எண்ணி மறுபடியும் புளியங்கொட்டைகளை எடுத்தேன். உரைக்காதவை 11, உரைத்தவை 12. மேஜை விளிம்பை இலங்கைக் கரையாக வைத்துக்கொண்டேன். அடுக்கி, நகர்த்தி, மாலை வரை ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரம் வந்ததால் மேஜையைத் துடைக்க வந்த என் மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

“ஏங்க, இதுல யார் ஜெயிச்சது?” என்றாள்.

“ஒருத்தரும் ஜெயிக்கலே. ரெண்டு பேரும் கொஞ்ச தூரத்திலே நங்கூரம் போட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே கப்பலைப் பழுது பார்த்தாங்க.”

“செத்தது எத்தனை பேர்?”

புத்தகத்தைப் பார்த்தேன். “இங்கிலீஷ்காரங்க பக்கம் 137.”

“அந்தப் பக்கம்?”

“அதுவும் 137.”

அவள் மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு படைகளையும் ஒரே கையால் வழித்தெடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, இலை போடத் தொடங்கினாள்.